குறிப்புகளுக்கு நான்கு வரி

ஏவால்ட் தீமனைக் காட்டிக்கொடுத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை முழுக்க என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு படிப்பீர்கள். லிண்டன்பெக்கில் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் எதைச் சொல்வதானாலும் அதற்குரிய படிவத்தில் சொல்ல வேண்டும். இதற்குப் படிவம் கிடையாது.

நான் பேருந்து ஓட்டுகிறவள். நான்காம் எண் பேருந்து, ரயில் நிலையத்திலிருந்து மருத்துவமனை, மருத்துவமனையிலிருந்து ரயில் நிலையம். இருபத்திரண்டு வருடமாக இதே வழி. ஒரு நாளைக்கு என் தலைக்கு மேல் அந்த நிறுத்த மணி எத்தனை தடவை அடிக்கும் என்று எண்ணிப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும், அதனால் எண்ணுவதில்லை. ஒரு வியாழக்கிழமை ஏவால்ட் முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். எண்பத்தொரு வயது, மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம், சாசேஜ் தொழிற்சாலையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அல்முட், உன் தோள் ரெண்டும் காதுக்குப் பக்கத்துல ஏறி நிக்குது" என்றார். "எங்க சங்கத்துக்கு வா. ஒரு மணி நேரம் சுட்டா தானா இறங்கிடும்."

போனேன். பாயில் குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தூரத்திலிருந்த குறித்தாளைப் பார்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை அழுத்தினேன். ரைஃபிளின் பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, அடுத்த தோட்டா. யாரும் மணி அடிக்கவில்லை. யாரும் சில்லறை கேட்கவில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று, என்ன செய்வது?

சங்கத்தின் பெயர் லிண்டன்பெக் துப்பாக்கிச் சங்கம், தொடக்கம் 1863. சொந்தத் துப்பாக்கி இல்லாதவர்களுக்கென்று சங்கத்தில் ஒரே ஒரு ரைஃபிள். அதற்குப் போடும் பெரிய தோட்டா ஒவ்வொன்றும் ஒரு கோப்பை காப்பி விலை. பேருந்து ஓட்டுகிறவளின் சம்பளத்தில் அப்படிச் சுட்டால் பாதி மாதத்துக்கு மேல் ரொட்டியும் தண்ணீரும்தான். ஏவால்டிடம் இரண்டு ரைஃபிள் இருந்தன. ஒன்று பெரியது, ஐம்பது வருடமாக அவரோடு இருப்பது. இன்னொன்று சின்னத் தோட்டா போடும் பழைய ரைஃபிள். அதற்கு ஒரு பெட்டித் தோட்டாவே ஒரு துண்டு கேக் விலைக்குக் கிடைக்கும்.

"சின்னதை நீ எடுத்துக்கோ. நூத்தியம்பது யூரோ குடு, போதும்" என்றார். "எனக்கு இனிமே புள்ளி தெரியல. நடுவுல கறுப்பா என்னமோ இருக்குன்னு மட்டும் தெரியுது. அங்க ஒரு பூனை உக்காந்திருந்தாலும் சுட்டுடுவேன் போல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பூனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன், அதுதான் வினையாகிப்போனது.

நூற்றைம்பது யூரோவை எடுத்து நீட்டினால் ரைஃபிள் கிடைத்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். சங்கத் தலைவர் ஃபோல்க்மார் ஸ்டூவெ அந்த நினைப்பைத் திருத்தினார். அவர் காப்பீட்டு முகவர். பச்சைச் சட்டையில் பத்தொன்பது பதக்கம். அவர் நடந்து வந்தால் யாரோ கரண்டி டிராயரை இழுத்துத் திறப்பது போலச் சத்தம் கேட்கும்.

எங்கள் சங்கத்தில் வயது, பதவி எதுவும் பார்க்காமல் எல்லாரும் எல்லாரையும் நீ, வா, போ என்றுதான் பேச வேண்டும். அது நான்காவது விதி. ஐந்தாவது விதி, தலைவர் பேசும்போது எழுந்து நிற்க வேண்டும். நின்றேன்.

"முதல்ல உனக்குத் தேவை இருக்குன்னு நிரூபிக்கணும், அல்முட்" என்றார். "தேவைச் சான்றிதழ் இல்லாம ஒரு விசையைக்கூட வாங்க முடியாது."

"எனக்குச் சுடணும்னு ஆசையா இருக்கு, அது போதாதா?"

அவர் முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த வார்த்தையை இங்க சொல்லாதே. ஆசைப்படறவனுக்குத் துப்பாக்கி குடுக்க முடியுமா? அவன் ஆபத்தான ஆளு. ஆசையே இல்லாம, வருஷத்துக்குப் பதினெட்டுத் தடவை, மழையிலயும் பனியிலயும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு வந்து சுட்டுட்டுப் போறான் பாரு, அவன்தான் நம்பிக்கையான ஆளு. நான் இருபத்தாறு வருஷமா வர்றேன். ஒருநாள்கூட எனக்குப் பிடிச்சதில்ல. அதனாலதான் என்னைத் தலைவரா வெச்சிருக்காங்க."

ஆக, பதினெட்டுத் தடவை. ஒவ்வொன்றும் நோட்டில் ஏற வேண்டும், தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். பொறுமையாகப் போனேன். ஒரு தடவை நீல மையில் எழுதியதால் செல்லாது என்றார்கள். ஒரு தடவை சங்க ரைஃபிளை ஊர்வலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், தோளில் சார்த்திக்கொண்டு நடக்க. இன்னொரு தடவை சுடுதளமே பூட்டியிருந்தது. உறுப்பினர்கள் சுட வருவது ஏன் குறைந்துவிட்டது என்று ஆராய உள்ளே கூட்டம். அன்று சுட வந்தவள் நான் ஒருத்திதான், என்னை உள்ளே விடவில்லை.

ஜூலையில் பறவை சுடுதல் வந்தது. கம்பத்தின் உச்சியில் மரக் கழுகு. ஆளாளுக்குச் சுட்டு அதைத் துண்டு துண்டாக உதிர்க்க வேண்டும். கடைசித் துண்டை விழவைப்பவர் அந்த வருட ராஜா. ராஜாவுக்கு ஒரு வெள்ளிச் சங்கிலி கிடைக்கும். கூடவே மூன்று நாள் ஊர் முழுக்கக் குடிக்கும் பீருக்கும் அவர்தான் கொடுக்க வேண்டும். அதனால் காலையில் சுடத் தெரியாதவர்கள் எல்லாரும் குறி பார்த்துச் சுடுவார்கள், மாலையில் சுடத் தெரிந்தவர்கள் எல்லாரும் குறி பார்த்துத் தவறவிடுவார்கள். கழுகின் வால் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும், மாவட்டப் பரிசு வாங்கியவர்கள் வரிசையாக வந்து வானத்தைச் சுட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவார்கள். தலைவர் ஸ்டூவெ இதில் மன்னன். மயிரிழையில் தவறவிடுவார்.

ஏவால்ட் 1987இல் ராஜா ஆனவர். அதற்காகக் காரை விற்றார். அன்றிலிருந்து பேருந்துதான்.

"நீயும் தவறவிட்டிருக்கலாமே" என்று கேட்டேன்.

"குறி பார்த்துட்டு வேற எங்கயாச்சும் சுடறது எனக்கு வராது" என்றார். "முயற்சி பண்ணிப் பார்த்தேன். கை கேக்கல."

பதினான்கு மாதத்தில் ஒருவழியாகப் பதினெட்டு சேர்ந்தது. தேர்வும் எழுதினேன். அடுத்து இரும்பு லாக்கர். துப்பாக்கி வருவதற்கு முன்பே லாக்கர் வந்துவிட வேண்டும். இருநூற்று நாற்பது கிலோ. இரண்டாம் மாடிக்கு நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழ்வீட்டு அம்மாள் அன்றிலிருந்து தன் சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். மாவட்ட அலுவலகத்திலிருந்து சோதனைக்கு ஒருவர் வந்து, காலுறையோடு உள்ளே நுழைந்து, லாக்கரைத் தட்டிப் பார்த்தார்.

"சாவியை எங்க வைப்பீங்க?"

"சமையலறை டிராயர்ல, துடைக்கிற துணிக்கு அடியில."

"அது கூடாது, மேடம். சாவியையும் இதே தரத்துல இன்னொரு லாக்கர்ல வைக்கணும்."

"அந்த லாக்கரோட சாவியை?"

அவர் தன் கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். பாவம், நேர்மையான மனிதர். "அது தனிக் கேள்வி" என்றார். "அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும்."

எண் பூட்டு வாங்கி மாட்டினேன். மறுபடி வந்து பார்த்தார். கதவைத் திறந்து காலி அலமாரிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மாவட்டத்தில் தான் பார்த்ததிலேயே பாதுகாப்பான லாக்கர் இதுதான், இப்படியே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரைக்கும் சிரித்தீர்கள் அல்லவா? நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இனிமேல் வருவது என் வேலை.

தேவைச் சான்றிதழோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன், அறை எண் 214. அங்கே இருந்தவர் லூடெகிங் என்கிற பெண் அதிகாரி. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். மேஜையில் ஒரு கள்ளிச்செடி. அதற்கும் ஒரு எண் ஒட்டியிருந்தது. எனக்கு இருந்தது பதினோரு நிமிட இடைவேளை. பேருந்தைத் திருப்பத்தில் நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தேன்.

"பழைய துப்பாக்கிங்களா? அப்ப இந்தப் படிவம்" என்று நீட்டினார். விற்பவர் பெயர், முகவரி, எண், விலை. கடைசியில் 'குறிப்புகள்', அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 'கட்டாயமில்லை'. கீழே நான்கு வரி.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குப்பைத் தொட்டியைத் தப்பான நாளில் வெளியே வைக்க மாட்டோம், நள்ளிரவில் ஒரு வண்டிகூட இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்போம், படிவத்தில் வரி போட்டிருந்தால் காலியாக விட மாட்டோம். கோடு போட்டு வைத்திருக்கிறான், அவன் என்ன முட்டாளா என்று தோன்றும். காலி வரியோடு தாளைக் கொடுத்தால், பல் துலக்காமல் வெளியே வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

இருந்தாலும் நான் பேனாவை மூடப் போனேன். மூடப் போனேன் என்பது சத்தியம்.

"விலை கம்மியா இருக்கே" என்றார் லூடெகிங். "ஏன் கம்மின்னு மேல யாராச்சும் கேப்பாங்க. கேள்வி வந்துட்டா ஆறு வாரம் ஆகும். குறிப்புல காரணம் எழுதினீங்கன்னா சட்டுனு நகந்துடும்."

ஆறு வாரம். பதினான்கு மாதம் காத்திருந்தவளுக்கு ஆறு வாரம் பொறுக்கவில்லை. எழுதினேன். விற்பவருக்குப் பார்வை மங்கிவிட்டதால் விற்கிறார் என்று ஒரு வரி. மூன்று வரி மீதி இருந்தது. நடுவில் கறுப்பாகப் பூனை உட்கார்ந்திருந்தாலும் சுட்டுவிடுவேன் என்று வேடிக்கையாகச் சொல்வார் என்று எழுதினேன். மிகவும் அன்பானவர், சங்கத்தில் ஐம்பத்திரண்டு வருடமாக இருக்கிறார் என்று எழுதி நான்காவது வரியையும் முடித்தேன். அழகான கையெழுத்தில்.

லூடெகிங் படித்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"பூனைன்னு எழுதியிருக்கீங்க. அவரே இப்படிச் சொன்னாரா?"

"வேடிக்கையா சொன்னாரு."

"வேடிக்கைக்குக் கட்டம் இல்லைங்க. சொன்னாரா, இல்லையா?"

அந்த இடத்தில் நான் அந்தத் தாளைப் பிடுங்கி, தப்பாக எழுதிவிட்டேன், வேறு தாள் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வேறு தாளுக்கு மறுபடி கீழே போய் எண் எடுத்து வரிசையில் உட்கார வேண்டும். எனக்கு மீதி இருந்தது மூன்று நிமிடம்.

"சொன்னாரு" என்றேன்.

ஒன்பதே நாளில் அனுமதி அட்டை வந்தது. லிண்டன்பெக் வரலாற்றிலேயே இல்லாத வேகம் என்று தலைவர் சொன்னார். ஏவால்டின் சமையலறையில் பிளம் கேக்கும் காப்பியும் வைத்துக்கொண்டு ரைஃபிளை வாங்கிக்கொண்டேன். அவர் அதன் மரத்தை ஒரு தடவை துடைத்துவிட்டுப் பெட்டியில் வைத்தார்.

"சின்னவன் உன்கூட வரட்டும். பெரியவன் என்கூட இருக்கட்டும்" என்றார். "நான் வியாழக்கிழமை அவனைத் தொடச்சு வெப்பேன், பத்து தோட்டா சுடுவேன். வேற எனக்கு என்ன இருக்கு?"

மூன்று வாரம் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். ஒரு பெட்டித் தோட்டா, ஒரு மாலை நேரம், என் தோள்கள் அவை இருக்க வேண்டிய இடத்தில். நான்காவது வாரம் தேவாலய நிறுத்தத்தில் ஏவால்ட் ஏறினார், கையில் பழுப்பு உறை. மருத்துவமனை வந்து எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை.

"கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்" என்றார். "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

மாவட்ட அலுவலகத்துக் கடிதம். அறை 214. வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். துப்பாக்கி வைத்திருக்க அவருக்குத் தகுதி இருக்கிறதா என்று சந்தேகம் எழுந்துள்ளது. கண்ணையும் மனநிலையையும் சோதித்து, அதற்கென்று உள்ள மருத்துவரிடம் அறிக்கை வாங்கி, எட்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். செலவு அவருடையது. மூன்றாம் பத்தி இப்படி ஆரம்பித்தது: 'திருமதி அல்முட் க்ரோகெல் எழுத்து மூலம் அளித்த தகவலின்படி, விலங்கினங்களையும் இலக்கையும் வேறுபடுத்தி அறிய இயலாத நிலையில்...'

இரண்டாம் பத்தியிலிருந்து நேராக நான்காம் பத்திக்குத் தாவினேன். வண்டியில் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போவது போலத்தான். குரல்கூட மாறவில்லை. எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்."

"சரி" என்று உறையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

மருத்துவர் அவரிடம் இன்று என்ன தேதி என்று கேட்டாராம். ஏவால்ட், "மஞ்சள் பை நாள்" என்று சொல்லியிருக்கிறார். பிளாஸ்டிக் குப்பையை மஞ்சள் பையில் கட்டி வெளியே வைக்கிற நாள். லிண்டன்பெக்கில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், தேதியைப் பார்த்தா நாங்கள் வாழ்கிறோம்? மருத்துவர் வெளியூர்க்காரர். அறிக்கையில், 'காலத்தைக் கழிவுப் பொருளோடு தொடர்புபடுத்துகிறார்' என்று எழுதினார். கண் பற்றியும் ஒரு பக்கம். முடிவு வந்தது. அனுமதி ரத்து. பெரிய ரைஃபிளை நான்கு வாரத்துக்குள் அனுமதி உள்ள ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் அலுவலகமே எடுத்துப்போய் உருக்கிவிடும்.

அனுமதி உள்ளவர்கள் சங்கத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஏவால்ட் என்னைத்தான் கூப்பிட்டார்.

"உன் லாக்கர்ல இடம் இருக்கா?"

இருந்தது. அந்த லாக்கர் பூராவும் இடம்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தேன். அவர் வரவில்லை, சமையலறையிலேயே கையைத் துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போதாவது சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று என் மண்டைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏவால்ட் அன்று வரவில்லை. தலைவர் ஸ்டூவெ பேசினார், எல்லாரும் எழுந்து நின்றோம்.

"நம்ம சங்கத்துல நூத்தி அறுபது வருஷமா ஒரு விபத்துகூட நடக்கல. ஏன்? நாம சுடறதைவிட எழுதறது அதிகம். குறி பார்க்கத் தெரிஞ்சவங்க எந்த ஊர்லயும் இருப்பாங்க. படிவம் நிரப்பத் தெரிஞ்சவங்க கிடைக்கறது கஷ்டம். அல்முட் ஒரு வரிகூடக் காலியா விடல. இந்த நம்பகத்தன்மைப் பதக்கத்தை அவளுக்குக் குத்தறதுல நான் பெருமைப்படறேன்."

பதக்கத்தைக் குத்தும்போது என் காதருகே குனிந்தார்.

"அலுவலகத்துல சொன்னாங்க" என்றார் மெதுவாக. "நல்ல காரியம் பண்ணினே. நானே பத்து வருஷமா எழுதணும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கீழ கையெழுத்துப் போடணுமே, அதான் விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து அந்தப் பதக்கத்தை லாக்கருக்குள் போட்டுப் பூட்டினேன். சின்னவன், பெரியவன், பதக்கம். அதன்பிறகு ஒரு மாதம் நான் சுடப் போகவில்லை. என் தோள்கள் மறுபடி காதுக்குப் போய்விட்டன.

ஏவால்ட் மட்டும் வியாழக்கிழமை தவறாமல் பேருந்தில் ஏறினார். சுடுதளம் இருக்கும் நிறுத்தத்தில் இறங்க மாட்டார். ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பார், மருத்துவமனை வரை வருவார், அதே வண்டியில் திரும்புவார். என்னோடு மழையைப் பற்றிப் பேசுவார். எனக்கு அழுகையாக வரும், வண்டி ஓட்டிக்கொண்டே எங்கே அழுவது?

சங்க விதிப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன். முப்பத்தொன்றாம் விதியில் ஒரு வழி இருந்தது. அனுமதி இல்லாதவரும் விருந்தினராக வரலாம், ஒரு உறுப்பினர் பொறுப்பேற்றுப் பக்கத்திலேயே இருந்தால் சுடலாம். அடுத்த வியாழக்கிழமை விடுப்புப் போட்டேன். பெரியவனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஏவால்டைக் கூட்டிப் போனேன். அவர் சங்கத்துப் பச்சைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்.

மேஜைக்குப் பின்னால் தலைவர் ஸ்டூவெ இருந்தார்.

"ஏவால்ட், வா, வா. நீ இப்ப விருந்தாளி. பொறுப்பேற்கிறவங்க இதை நிரப்பணும்" என்று என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார்.

விருந்தினர் பெயர். முகவரி. எவ்வளவு காலமாகத் தெரியும். கடைசியில் 'குறிப்புகள், கட்டாயமில்லை'. கீழே நான்கு வரி.

எழுத வேண்டியதை எழுதி, அந்த நான்கு வரியைத் தொடாமல், பேனாவை மூடி, தாளை நீட்டினேன். தலைவர் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாலு வரி காலியா இருக்கே, அல்முட்."

"கட்டாயமில்லன்னு போட்டிருக்கு."

"கட்டாயமானதை எவன் வேணும்னாலும் செஞ்சுடுவான். கட்டாயமில்லாததைச் செய்யறதுக்குத்தானே நாம சங்கம் வெச்சிருக்கோம்? பதக்கம் வாங்கினவ நீயே இப்படி விட்டா எப்படி?"

"நான் எழுத மாட்டேன்" என்றேன்.

பின்னால் ஏவால்ட் தொண்டையைச் செருமினார்.

"எழுதேன்" என்றார். "உனக்குத்தான் நல்லா எழுத வருமே. பூனையைப் பத்திக்கூட எழுதியிருந்தே."

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன், தாளைப் பார்த்தபடியே.

"பூதக்கண்ணாடி வெச்சு மூணு தரம் படிச்சுட்டுதான் அன்னைக்கு பஸ் ஏறினேன்."

"அப்பறம் எதுக்கு என்கிட்ட படிக்கக் குடுத்தே?"

"நீ படிப்பியான்னு பார்த்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மழையைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னார். அவர் என்னைத் தள்ளிவைத்து 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பிப்பார் என்று எத்தனையோ நாள் பயந்திருக்கிறேன். அதைக்கூட அவர் செய்யவில்லை.

"ஏவால்ட், நான்..." என்றேன்.

"எனக்கு வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன், அது பொய்" என்றார். "ரைஃபிள் போனது ஒரு வருத்தம். கண்ணு போச்சுன்னு எனக்கே தெரியும், என்னிக்காவது அது போயிருக்கும். ஆனா நீ அந்த மூணாவது பத்தியைத் தாண்டினே பாரு. அதுக்கு நான் மூணு நாள் தூங்கல. இப்ப எழுது. வரியைக் காலியா விடாதே."

பேனாவைத் திறந்தேன். எழுதினேன். ஏவால்ட் தீமனுடைய வேடிக்கைப் பேச்சை ஆறு வார அவசரத்துக்காக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது நான். அவருக்கு வந்த கடிதத்தை அவரிடமே மறைத்துப் படித்தது நான். அவர் இந்தச் சங்கத்தில் குறி பார்த்துத் தவறவிடாத ஒரே ஆள். நம்பகத்தன்மைப் பதக்கத்தைத் திருப்பித் தருகிறேன். சரியாக நான்கு வரி வந்தது.

தலைவர் ஸ்டூவெ தாளை வாங்கினார். படிக்கவில்லை. நான்கு வரியும் நிரம்பியிருக்கிறதா என்று விரலால் எண்ணிப் பார்த்தார். "இப்பதான் முழுமையா இருக்கு" என்று முத்திரை குத்தி, கோப்பில் செருகினார். அது அங்கேதான் இருக்கிறது. பத்து வருடம் வைத்திருப்பார்கள், எவரும் திறக்க மாட்டார்கள்.

பாயை விரித்தேன். ஏவால்ட் மெல்லப் படுத்தார், முழங்கை இரண்டையும் ஊன்றினார். கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளினார். அந்தக் கைகளுக்குக் கண் தேவைப்படவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். அவர் சுட்டார்.

"எங்க பட்டுது?"

தாளைத் தேடினேன். கறுப்பு வட்டத்தில் ஓட்டை இல்லை. வெள்ளையிலும் இல்லை. தாளைத் தாண்டி, மரச்சட்டத்தின் கீழ் மூலையில் புதிதாக ஒரு சிராய்ப்பு. ஒன்பது என்று சொன்னால் அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தாள்லயே படல" என்றேன். "இடது பக்கம், கீழே, சட்டத்துல பட்டிருக்கு."

"ம்" என்றார். "இப்ப சரியா படிக்கறே."

கைப்பிடியைத் தூக்கி அடுத்த தோட்டாவைப் போட்டார்.